ஆறு ரூபாய்ச் சீட்டு

வடாலா இரவுக் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது.
பகலெல்லாம் நகராட்சிப் பள்ளி,
ஆறரைக்கு மேல் நாங்கள்.
ஐந்தாம் வகுப்புப் பெஞ்சுகளில்
முழங்கால் இடிக்க உட்காருகிறது
முதலாமாண்டு பி.காம்.

சுவரில் கொய்யா, வாழை, சீத்தாப்பழம்.
கீழே மராத்தியில் பெயர்கள்.
அதை ஒட்டித்தான் நான் வரைய வேண்டும்
இறங்கும் கோடு ஒன்று, ஏறும் கோடு ஒன்று.
ஜூலை ஈரத்தில் சாக்பீஸ் எழுதாது, வழுக்கும்.
'மற்றவை மாறாதிருக்க' என்று தொடங்கினால்
ஹார்பர் லைன் ரயில் வந்து
மீதியை எடுத்துக்கொண்டு போகும்.

நிமேஷ் எட்டு மணிக்கு எழுந்து போய்விடுவான், ஹெல்மெட்டோடு.
சாப்பாட்டு நேரத்து ஆர்டருக்குப் பதினைந்து ரூபாய் கூடுதல்.
ஒரு நாள் மட்டும் கடைசிவரை இருந்தான்.
"மிஸ், இன்னைக்கு உங்க பாடம் எனக்கு நூத்தியஞ்சு ரூபா."
வாய்ப்புச் செலவுக்கு
நான் எழுதிவைத்திருந்த இரண்டு பக்கக் குறிப்பை
மடித்துப் பையில் வைத்தேன்.

குறிப்பு வேண்டாம், ஆடிப் பார்ப்போம் என்று
பழைய வினாத்தாள் முதுகில் சீட்டுகள் வெட்டினேன்.
பாதிப் பேர் விற்பவர், பாதிப் பேர் வாங்குபவர்.
பொருளுக்குப் பெயர் இல்லை.
விற்பவர் சீட்டில் அடக்க விலை,
வாங்குபவர் சீட்டில் அதிகபட்சம் தரக்கூடியது.
காட்டக் கூடாது. கூவலாம்.

கூவினார்கள்.
தாதர் பூச்சந்தையில் விடியுமுன் ஏலம் விடுகிற சம்பாஜி
பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான்.
வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.
இருபது, பதினொன்று, பதினேழு, பதின்மூன்று.
மூன்றாம் சுற்றில், யாரும் சொல்லிக்கொடுக்காமல்,
பதினாலில் வந்து நின்றது விலை.
கரும்பலகையில் கோடுகள் வெட்டிக்கொண்ட
அதே பதினாலு.
எனக்குக் கைதட்டத் தோன்றியது.
தட்டினேன்.

அஃப்ஷான் தட்டவில்லை.
சிவ்ரியில் மருந்துக்கடை பில்லிங்கில் நின்றுவிட்டு வருகிறவள்.
அவளுக்கு விழுந்தது ஆறு ரூபாய்ச் சீட்டு.
முதல் சுற்றில் கூவினாள்.
இரண்டாவதில் கையை மட்டும் தூக்கினாள்.
மூன்றாவதில் சீத்தாப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டை மாத்தித் தருவீங்களா மிஸ்?"
"ஆட்டத்துல மாத்த முடியாதும்மா."
"அப்ப நான் அந்தப் படத்துல எங்க இருக்கேன்?"

வெட்டும் புள்ளியைத் தாண்டி
கோடு இறங்கிப் போகிறதே, அங்கே.
சாக்பீஸால் தொட்டுக் காட்டினேன்.
அந்த இடத்தைப் பற்றிப் புத்தகம்
ஒன்றும் சொல்வதில்லை.

அம்பாசமுத்திரத்தில் நான் தமிழில் படித்த பாடத்தில்
இதன் பெயர் 'தேவைக் கோடு'.
வேண்டும் என்பது மட்டும் தேவை ஆகாது,
கையில் காசும் வேண்டும் என்று
பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன்.
பதினாலு ரூபாயில் அஃப்ஷானுக்குத் தேவை இல்லை.
பாடப்படி சரியான வாக்கியம்.
வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இங்கே இந்தியில் 'மாங்க்', மராத்தியில் 'மாகணி'.
இரண்டுமே கேட்பது.
அவள் கேட்டாள்.
தொண்டை கட்டக் கேட்டாள்.

எனக்கும் மணிக்கணக்கில்தான் கூலி.
போன பருவத்துக் காசோலை இன்னும் வரவில்லை.
அதை நான் வகுப்பில் உதாரணமாகச் சொல்வதில்லை.
சொல்லியிருக்கலாம்.

அக்டோபரில் விடைத்தாள் திருத்தினேன்.
சந்தைச் சமநிலையை விளக்குக, பத்து மதிப்பெண்.
அவள் ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டிருந்தாள்:
இரண்டு கோடு, வெட்டுமிடத்தில் பதினாலு.
கீழே, இறங்கும் கோட்டின் வால் பக்கத்தில்,
பெயரில்லாத ஒரு புள்ளி.

விடைக்குறிப்பில் அது இல்லை.
பேனா கசிந்ததோ என்று
விரலால் தேய்த்துப் பார்த்தேன்.
இல்லை, அழுத்தி வைத்திருக்கிறாள்,
தாளின் மறுபக்கம் வரை.

ஒன்பது போட்டேன்.
அந்த ஒன்றை எதற்குக் குறைத்தேன் என்று கேட்டால்
என்னிடம் இன்னும் பதில் இல்லை.